காற்று போகாத துவாரங்கள்

முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்த துவாரத்தில்
விரலை விட்டுப் பார்த்தேன்.
அரை விரல்கூடப் போகவில்லை.
கறுப்பு பிளாஸ்டிக் சுவர்.
காற்று வந்து முட்டிக்கொண்டு திரும்பும் இடம்.

"பொய்" என்றேன்.
செகாம்புட்டில், தகரக் கூரைக்கடியில்,
ஒன்பது லட்சம் வெள்ளிக் காரைப் பார்த்து
படலம் ஒட்டிப் பிழைக்கிறவள் சொல்லலாமா?
சொன்னேன்.

அதன் உடம்பு எனக்குத் தெரியும்.
சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் தள்ளித் தள்ளி
மூன்று நாள் அதனோடு இருந்தவள் நான்.
கதவில் தொடங்கிப் பின்தோளில் ஏறும் அந்த வளைவில்
படலம் ஒரு சுருக்கமில்லாமல் படிந்தது,
வரைந்தவன் கை ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை.
அவனேதான் இந்தத் துவாரத்துக்கும்
தலையாட்டியிருக்கிறான்.

குபேந்திரன் பக்கத்து வேனுக்கடியிலிருந்து
முகத்தை மட்டும் நீட்டினான்:
"மேல்தோலை விடு. மூடியைத் திறந்து
எனக்கு ஒரே ஒரு போல்ட்டைக் காட்டு."
திறந்தோம். இன்னொரு மூடி.
இன்ஜின் அதற்குள்ளே எங்கோ,
அறுவைசிகிச்சைக்குப் படுத்தவர்போல, போர்த்திக்கொண்டு.
"சத்தமாவது சொந்தமா? அது ஸ்பீக்கர்ல வருது.
மேளக்காரன் வராம கல்யாணத்துல
மேளம் மட்டும் கேக்குற மாதிரி."

ஆ கியாட் மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
ஒயரிங்காரன். பட்டறையில் எங்கள் பேச்சு
பாதி மலாய், பாதி தமிழ், மிச்சம் கையாட்டல்.
"உன் பழைய ஜப்பான் கார் அழகா இருந்துச்சு.
வளைவுல அழகாவே கொல்லவும் செய்யும்.
இது ஒரு நொடியில நூறு தடவை
ஒவ்வொரு சக்கரத்தையும் கேக்குது, வழுக்குறியான்னு.
நீ தப்புப் பண்ணா மன்னிக்கும்."
"மன்னிப்பு யார் கேட்டா?" என்றான் குபேந்திரன்.
ஆ கியாட் அவன் இடது முழங்கையைப் பார்த்தான்.
காராக் மலையில், மழையில்,
உள்ளே தகடு வைத்துத் தைத்த முழங்கை.
பார்த்துவிட்டு
பையில் கட்டிய தே ஆயிஸை உறிஞ்சினான்.

நான்கு மணிக்கு மழை வந்தது, வழக்கம்போல.
ஐந்தரைக்கு நின்றதும் காரின் சொந்தக்காரி வந்தாள்,
டாக்டர் நோர்லைலா, பல் வைத்தியர்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
"எந்தத் துவாரம்?" என்றாள்.
மூவரும் ஒரே நேரத்தில் காட்டினோம்.
குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"நல்லாத்தானே அடைச்சிருக்காங்க. இடுக்கே இல்லை."
கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல.
அதற்குமேல் அவளுக்கு அதில் அபிப்பிராயம் இல்லை.

சந்தின் வாசலில் ஒரு மேடு.
மோட்டார் சைக்கிள் பையன்களை அடக்க
டயர்க்கடை சோங் தானே சிமெண்டு குழைத்துப் போட்டது.
மூக்கைத் தூக்கும் பொத்தானை அழுத்தினாள்.
திரையில் மன்னிப்புக் கேட்டது கார்,
தூக்கவில்லை.

பலகை கொண்டுவந்தது நான்.
ஈரத் தாரில் கன்னத்தை வைத்துப் படுத்து
"ரெண்டு விரக்கடை... ஒன்னரை... நில்லு, நில்லு" என்றது குபேந்திரன்.
ஆ கியாட் முன்னால் நின்று
விமானத்துக்குக் காட்டுவதுபோல் கைகளைக் காட்டினான்.
எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர்
நத்தை வேகத்தில் அதைக் கடத்திவிட்டோம்,
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடியதை.

முச்சந்தி தாண்டியதும் மிதித்தாள்.
சத்தம் ஈரச் சுவர்களில் மோதி வந்தது.
"ஸ்பீக்கர்" என்றான் குபேந்திரன்.
அது ஜாலான் ஈப்போவில் கரைந்து முடியும்வரை
அவன் தலை அந்தப் பக்கமே இருந்தது.

பலகையைக் கழுவிச் சாய்த்தேன்.
என் மேசைமேல்
ஒரு பையன் வைத்துவிட்டுப் போன பொட்டலம்:
துவாரம் இரண்டு, கறுப்பு,
ஜோடி முப்பத்தைந்து வெள்ளி, பின்னால் பசைநாடா.
நாளைக் காலை அவன் மைவி வருகிறது.
இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமாம்.
அளவுநாடாவைத் தேடி எடுத்து
அதன் பக்கத்தில் வைத்தேன்.